அத்தியாயம் 5: விமானத்துக்குள் காற்றழுத்தம் – உடம்பை முன்கூட்டியே தயார்செய்வது

இந்த அத்தியாயம் இரண்டு வகைப் பயணிகளுக்கு. ஒருவர், தானே பறக்கப் போகிறவர். இன்னொருவர், வயதான அப்பா அம்மாவைச் சிங்கப்பூருக்கோ லண்டனுக்கோ ஏற்றி அனுப்பப் போகிறவர். இரண்டாமவர் இதைப் பேனாவும் கையுமாகப் படிப்பது நல்லது. கதவு மூடிய பிறகு கேபின் அழுத்தத்தைப் பயணியால் மாற்ற முடியாது. செய்யக்கூடியவற்றில் பெரும்பகுதி பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

தெரிந்திருக்க வேண்டிய அளவுக்கு மட்டும்

பயணிகள் விமானம் பெரும்பாலும் 35,000 முதல் 40,000 அடி உயரத்தில் பறக்கிறது. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் காற்றை அழுத்திக் கேபினுக்குள் செலுத்துகிறார்கள். ஆனால் சென்னையில் இருக்கும் அழுத்தம் அப்படியே உள்ளே இருக்காது. அவ்வளவு அழுத்தத்தைத் தாங்க விமானத்தின் உடலை இன்னும் கனமாகக் கட்ட வேண்டியிருக்கும். வழக்கமான பறப்பில் கேபின் அழுத்தம் 8,000 அடி உயரத்துக்கு உரியதைவிடக் குறையக் கூடாது என்பது விதி. அதாவது ஊட்டி நகரத்துக்கும் தொட்டபெட்டா உச்சிக்கும் நடுவில் எங்கோ உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் இது ஏறத்தாழ 6,000 அடி, நுவரெலியாவின் உயரம்.

இதனால் உடம்பில் இரண்டு விளைவுகள்:

- மூச்சில் கிடைக்கும் ஆக்ஸிஜன் குறைகிறது. 8,000 அடி அழுத்தத்தில் சுவாசிப்பது, தரையில் 15 சதவீத ஆக்ஸிஜன் உள்ள காற்றைச் சுவாசிப்பதற்குச் சமம். (வழக்கமாக 21 சதவீதம்.)
- உடம்புக்குள் அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு விரிகிறது. காது, சைனஸ், குடல், சொத்தைப் பல், அறுவை செய்த இடம் என்று காற்று எங்கே மாட்டியிருந்தாலும் இது நடக்கும்.

இனி வரும் அறிவுரைகளில் முக்கால்வாசி இந்த இரண்டிலிருந்து பிறந்தவை.

முதல் வேலை: பயணச்சீட்டுக்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை

1. சமதளத்தில் 50 மீட்டர் சாதாரண வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள். அல்லது ஒரு மாடிப்படி வரிசை ஏறச் சொல்லுங்கள். மூச்சு வாங்காமல், நெஞ்சு வலிக்காமல் முடித்தால் இதயமும் நுரையீரலும் பயணத்தைத் தாங்கும் என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம்.
2. கொரோனா காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வீட்டில் இருக்கும். ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு, நகப்பூச்சு இல்லாத, குளிர்ந்து போகாத விரலில் மாட்டிப் பாருங்கள். 95க்கு மேல் என்றால் பொதுவாகக் கவலையில்லை. 92 முதல் 95 வரை இருந்து ஆஸ்துமா, சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்), இதயநோய் ஏதாவது இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். 92க்குக் கீழே என்றால் பறக்கும்போது ஆக்ஸிஜன் தேவையா என்று மருத்துவர் முடிவு சொல்லும்வரை பயணச்சீட்டு வாங்க வேண்டாம்.
3. நடந்து முடித்ததும் இன்னொரு முறை மாட்டிப் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போது நல்ல எண்ணைக் காட்டிவிட்டு, நடந்ததும் சரசரவென்று இறங்குகிறவர்கள் உண்டு.
4. ரத்தசோகை இருப்பவர்கள் அண்மைய ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள். 7.5 கிராமுக்குக் கீழே இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் பறக்கக் கூடாது.
5. கடந்த மூன்று மாதத்தில் நடந்த அறுவை, மருத்துவமனைச் சேர்க்கை, எலும்பு முறிவு எல்லாவற்றையும் தேதியோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த பகுதிக்கு இந்தத் தாள் தேவைப்படும்.

ஆரோக்கியமானவர் எண்கள் இறங்குவதைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. 2007இல் வெளியான ஓர் ஆய்வில் 502 பேரை 20 மணி நேரம் செயற்கைக் கேபினில் வைத்துப் பார்த்தார்கள். 8,000 அடி அழுத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு சராசரியாக 4.4 புள்ளிதான் இறங்கியது. 98 இருந்தவருக்கு 93 அல்லது 94 ஆகும். உடம்பு அதைச் சமாளித்துவிடும். 91 இருக்கிறவருக்கும் ஏறத்தாழ அதே நான்கு புள்ளி இறங்கினால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. முதியவர்களை வீட்டிலேயே சோதிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

எவர், எத்தனை நாள் தள்ளிப்போட வேண்டும்

கீழே உள்ளவை வழக்கமான குறைந்தபட்சக் கால அளவுகள். உங்கள் மருத்துவர் கூட்டலாம். குறைக்கும் உரிமையும் அவருக்கு மட்டுமே.

*கண்ணில் வாயு செலுத்திய அறுவை.* இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலருக்குத் தெரியாது. விழித்திரை பிரிந்ததற்குச் செய்யும் அறுவையில் கண்ணுக்குள் வாயுக்குமிழி விடுவார்கள். வாயுவின் வகையைப் பொறுத்து அது கரைய இரண்டு வாரத்திலிருந்து எட்டு வாரம் வரை ஆகலாம். அதற்கு முன் பறந்தால் குமிழி விரிந்து, கண்ணழுத்தம் ஏறி, பார்வையே போய்விடக்கூடும். வாயு முழுவதும் கரைந்துவிட்டது என்று கண் மருத்துவர் சொன்ன பிறகுதான் விமானம். அதுவரை ஊட்டி, கொடைக்கானல் பயணமும் கூடாது. மலைப்பாதையிலும் இதே இயற்பியல்தான். சாதாரணக் கண்புரை அறுவை செய்தவருக்கு இந்த ஆபத்து இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல், செய்தது எந்த அறுவை என்பதை டிஸ்சார்ஜ் தாளில் பாருங்கள்.

*நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்திருந்தவர்கள்.* நுரையீரல் முழுதாக விரிந்துவிட்டது என்று எக்ஸ்-ரே காட்டிய நாளிலிருந்து குறைந்தது ஒரு வாரம்.

*மாரடைப்பு.* சிக்கல் எதுவும் இல்லாமல் குணமானவருக்கே 7 முதல் 10 நாள். சிக்கல் இருந்தால் அதிகம்.

*வயிற்று அறுவை.* பெரிய அறுவைக்கு 10 நாள். லேப்ராஸ்கோபி முறையில் வயிற்றுக்குள் விடும் வாயு சீக்கிரம் கரைந்துவிடுவதால், வீக்கம் வற்றியிருந்தால் ஓரிரு நாளிலேயே அனுமதிப்பதுண்டு.

*மாவுக்கட்டு.* கட்டுப் போட்டு 48 மணி நேரம் ஆகவில்லையென்றால், உள்ளே சிக்கிய காற்றும் வீக்கமும் சேர்ந்து ரத்த ஓட்டத்தை நெருக்கும். அவசரப் பயணம் என்றால் கட்டை நீளவாக்கில் பிளந்து விடச் சொல்லிக் கேளுங்கள்.

*கர்ப்பிணிகள்.* சிக்கல் இல்லாத ஒற்றைக் கருவுக்கு 36ஆம் வாரம் முடியும்வரை, இரட்டையருக்கு 32ஆம் வாரம் வரை என்பது பரவலான வரம்பு. 28 வாரத்துக்குப் பிறகு பல நிறுவனங்கள் மருத்துவர் கடிதம் கேட்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும். திரும்பி வரும் தேதியில் எத்தனையாவது வாரம் என்பதையும் கணக்குப் போடுங்கள். போகும் தேதியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப முடியாமல் நிற்பது அடிக்கடி நடக்கும் தவறு.

*பச்சிளம் குழந்தை.* முதல் 48 மணி நேரம் கூடவே கூடாது. ஒரு வாரம் கழித்து என்றால் நல்லது.

*கடலுக்கடியில் ஸ்கூபா முங்கியவர்கள்.* ஒரே ஒரு முறை முங்கியிருந்தால் 12 மணி நேரம். பல முறை அல்லது பல நாள் முங்கியிருந்தால் 18 மணி நேரம். அழுத்தம் குறைக்க நடுநீரில் நின்று நின்று மேலே வர வேண்டியிருந்த ஆழ முங்கல் என்றால் 24 மணிக்கும் மேல். அந்தமானுக்கோ மாலத்தீவுக்கோ போகிறவர்கள் முங்குவதை முதல் நாட்களில் வைத்து, கடைசி நாளைக் கரையில் சுற்றிப் பார்க்க ஒதுக்குங்கள்.

ஆக்ஸிஜன் தேவைப்படுகிறவருக்கு ஏற்பாடு

1. பயணச்சீட்டு வாங்கும் முன் விமான நிறுவனத்தின் மருத்துவப் பிரிவைத் தொடர்புகொள்ளுங்கள். அவர்கள் தரும் ‘மெடிஃப்’ படிவத்தை மருத்துவர் நிரப்ப வேண்டும். 48 முதல் 72 மணி நேரத்துக்கு முன்பே திரும்பக் கொடுக்கச் சொல்வார்கள். நான் பரிந்துரைப்பது ஒரு வாரம். ஒரு கையெழுத்து விட்டுப்போனாலும் சரிசெய்ய நேரம் இருக்கும்.
2. வீட்டு ஆக்ஸிஜன் சிலிண்டரை எடுத்துப்போக விடமாட்டார்கள். நிறுவனமே ஆக்ஸிஜன் தருமா, கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள்.
3. கையடக்க ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் கொண்டுபோவதானால், அந்த மாடலுக்கு அனுமதி உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். பயண நேரத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கு பேட்டரி வேண்டும். உதிரி பேட்டரிகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் போடக் கூடாது.
4. நடுவில் விமானம் மாற வேண்டியிருந்தால், அந்தக் காத்திருப்பு நேரத்துக்கு ஆக்ஸிஜன் எங்கிருந்து வரும் என்று தனியாகக் கேளுங்கள். விமானத்துக்குள் தருகிறவர்கள் விமான நிலையத்தில் தருவார்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

எச்சரிக்கை: “சொன்னால் ஏற்ற மாட்டார்கள்” என்று நோயை மறைத்து அப்பா அம்மாவை ஏற்றிவிடும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் நடுவானில் மூச்சுத் திணறினால், பக்கத்து விமான நிலையத்துக்குத் திருப்பவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். கடலுக்கு மேலே என்றால் இன்னும் கூடும்.

காது: இறங்கும்போதுதான் வேலை

நடுச்செவியையும் தொண்டையின் மேல்பகுதியையும் ஒரு மெல்லிய குழாய் இணைக்கிறது. யூஸ்டேஷியன் குழாய் என்று பெயர். விமானம் ஏறும்போது காதிலிருந்து காற்று தானாகவே வெளியேறிவிடும். இறங்கும்போது காற்று உள்ளே போக வேண்டும். அதற்கு நாம் குழாயைத் திறந்துவிட வேண்டும். சளி பிடித்துக் குழாயின் சுவர் வீங்கியிருந்தால் திறப்பது கடினம். அழுத்த வேறுபாடு 90 மி.மீ. பாதரச அளவைத் தாண்டிவிட்டால் குழாய் இறுக மூடிக்கொள்ளும். அதன்பின் எவ்வளவு ஊதினாலும் திறக்காது.

ஆகவே வலி வருவதற்கு முன்பே தொடங்க வேண்டும். வரிசை இது:

1. கடுமையான சளி, காதுவலி, சைனஸ் தொற்று இருந்தால் முடிந்தவரை தேதியை மாற்றுங்கள்.
2. மாற்ற முடியாவிட்டால், மருத்துவர் ஒப்புதலோடு மூக்கடைப்பு நீக்கும் ஸ்பிரே (ஆக்ஸிமெட்டாசோலின் அல்லது சைலோமெட்டாசோலின்) வாங்கிக்கொள்ளுங்கள். தரையிறங்குவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பு, அதாவது இறக்கம் தொடங்குவதற்கு அரை மணி முன்பு அடியுங்கள். ஏறும் முன்பு அடித்துவிட்டுப் பத்து மணி நேரம் பறந்தால் இறங்கும்போது அதன் வீரியம் போயிருக்கலாம். ரத்த அழுத்தம், இதயநோய் உள்ளவர்கள் மூக்கடைப்பு மாத்திரைகளைத் தாமாக விழுங்க வேண்டாம்.
3. எஞ்சின் சத்தம் தணிந்து, விமானத்தின் மூக்கு தாழ்வதை உணர்ந்ததும் விழித்துக்கொள்ளுங்கள். தூக்கத்தில் விழுங்குவது குறைந்துவிடும். தூங்குகிறவர்களை எழுப்பிவிடச் சொல்லி முன்பே பக்கத்தில் இருப்பவரிடமோ பணியாளரிடமோ சொல்லி வையுங்கள்.
4. மிட்டாய் சப்புங்கள், கொட்டாவி விடுங்கள், சிறிது சிறிதாகத் தண்ணீர் குடியுங்கள். பலருக்கு இதுவே போதும்.
5. போதாவிட்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் தண்ணீர் விழுங்குங்கள்.
6. அதுவும் போதாவிட்டால் வாயை மூடி, மூக்கைப் பிடித்து, கன்னம் உப்பும் அளவுக்கு மட்டும் மென்மையாக ஊதுங்கள். ‘பொட்’ என்று ஒரு சத்தம் கேட்டதும் நிறுத்துங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை, சக்கரம் தரையைத் தொடும்வரை.

பலரும் செய்யும் தவறு, காது நன்றாக அடைத்த பிறகு முழுப்பலத்தோடு ஊதுவது. உள்காதில் காயம் ஏற்பட்டுத் தலைசுற்றலும் கேட்புக் குறைவும் வரலாம். வெந்நீரில் நனைத்த துணியைக் கோப்பைக்குள் வைத்துக் காதில் கவிழ்க்கும் வழக்கமும் இருக்கிறது. ஆடும் விமானத்தில் சூடு பட்டுவிடும், வேண்டாம்.

குறுகிய பயணம்தானே என்று அலட்சியம் கூடாது. சென்னை–பெங்களூரு விமானம் ஏறி முடித்த கொஞ்ச நேரத்தில் இறங்கத் தொடங்கிவிடும். மூக்கைச் சரிசெய்ய அங்கே நேரமே கிடைக்காது.

*கைக்குழந்தைகளுக்கு:* புறப்படும்போது பால் கொடுத்துவிட்டு, இறங்கும்போது குழந்தை தூங்குகிறதே என்று விட்டுவிடுவார்கள். நேர்மாறாகச் செய்யுங்கள். இறக்கம் தொடங்கியதும் எழுப்பித் தாய்ப்பாலோ புட்டிப்பாலோ கொடுங்கள், தலையைச் சற்று உயர்த்திப் பிடித்தபடி. நான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கடினமான மிட்டாய் தராதீர்கள், தொண்டையில் அடைக்கும். குழந்தை அழுதால் அழட்டும், அழும்போதும் குழாய் திறக்கும். சுற்றியிருப்பவர்கள் முறைத்தால் முறைக்கட்டும்.

வயிறும் பல்லும்

முந்தைய நாளிலிருந்தே சோடா, பீர், மொச்சை, முட்டைக்கோஸ், ராஜ்மா ஆகியவற்றைக் குறையுங்கள். இடுப்பில் இறுக்கமில்லாத உடை. சொத்தைப் பல்லோ பாதியில் நிற்கும் வேர் சிகிச்சையோ இருந்தால் முடித்துவிட்டுக் கிளம்புங்கள். வயிற்றில் ஸ்டோமா பை வைத்திருப்பவர்கள் வழக்கத்தைவிட அதிகப் பைகள் எடுத்துக்கொள்ளுங்கள். வாயு கூடுவதால் சீக்கிரம் நிறையும்.

மருந்தும் கருவிகளும்

- இன்சுலின் பேனாவில் ஊசியை மாட்டியே வைக்காதீர்கள். அழுத்தம் மாறும்போது மருந்து கசியும், குமிழி சேரும். இன்சுலின் எப்போதும் கைப்பையில். சரக்குப் பகுதியில் உறைந்துபோகலாம்.
- இன்சுலின் பம்ப் போட்டிருப்பவர்கள், மேலே ஏறும்போது தேவைக்கு மேல் சிறிதளவு இன்சுலின் உள்ளே போகக்கூடும் என்பதால், புறப்படும்போது கழற்றி வைக்கலாமா என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.
- சிறுநீர்க் குழாய், தொண்டைக் குழாய் போன்றவற்றின் உள் பலூனில் காற்று இருந்தால், அதற்குப் பதில் தண்ணீர் நிரப்ப முடியுமா என்று செவிலியரைக் கேளுங்கள்.

இருக்கையில் அமர்ந்த பிறகு

நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தக்கட்டு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் அது 6,000 பேரில் ஒருவருக்கு. ஆரோக்கியமானவர் பயப்பட வேண்டாம். முன்பு ரத்தக்கட்டு வந்தவர், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், பிரசவம் அல்லது அறுவை முடிந்து சில வாரமே ஆனவர், கருத்தடை மாத்திரை எடுப்பவர் ஆகியோர்தாம் கவனமாக இருக்க வேண்டும். இதற்குக் காரணம் அழுத்தம் என்பதைவிட அசையாமை. பேருந்திலும் இதே கதைதான்.

1. மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். எழ முடியாதபோது குதிகாலை ஊன்றி முன்பாதத்தைத் தூக்குங்கள், பிறகு முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்குங்கள், இருபது தடவை. மேலே சொன்ன 502 பேர் ஆய்விலும் உடற்பயிற்சி தசைவலியைக் குறைத்தது.
2. காலுறை (கம்ப்ரஷன் ஸ்டாக்கிங்) மருத்துவர் சொன்ன அளவில் வாங்குங்கள். சர்க்கரை நோயால் காலில் ரத்த ஓட்டம் குறைந்தவர்கள் கேட்காமல் அணியக் கூடாது. ஆஸ்பிரின் மாத்திரையையும் தாமாக விழுங்க வேண்டாம்.
3. காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும். தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். லிட்டர் கணக்கில் தேவையில்லை. கான்டாக்ட் லென்ஸுக்குப் பதில் மூக்குக்கண்ணாடி.
4. மதுவும் தூக்கமாத்திரையும் சேரவே கூடாது. ஆக்ஸிஜன் ஏற்கெனவே குறைவான இடத்தில் இரண்டும் மூச்சை மேலும் மந்தமாக்கும்.
5. மயக்கம் வருவதுபோல் இருந்தால் கழிப்பறைக்கு நடக்காதீர்கள். அங்கேயே தலையைத் தாழ்த்திச் சாயுங்கள், பணியாளரை அழையுங்கள். விமான மருத்துவ அவசரங்களில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் மயக்கம்தான். விழுந்து தலையில் அடிபடுவது மயக்கத்தைவிட மோசம். வெறும் வயிற்றோடு ஏறாமல் இருப்பதே பாதித் தடுப்பு.

மேலிருந்து முகமூடி தொங்கினால்

கேபின் அழுத்தம் 14,000 அடி உயரத்துக்கு உரிய அளவை நெருங்கும்போது ஆக்ஸிஜன் முகமூடிகள் தாமாக விழும். 35,000 அடியில் அழுத்தம் முழுதாகப் போய்விட்டால் தெளிவோடு செயல்பட அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம்தான் கிடைக்கும்.

1. முகமூடியை உங்கள் பக்கம் இழுங்கள். இழுத்தால்தான் ஆக்ஸிஜன் வரத் தொடங்கும்.
2. மூக்கு, வாய் இரண்டையும் மூடுங்கள். 2018 ஏப்ரலில் அமெரிக்காவில் சவுத்வெஸ்ட் 1380 விமானத்தில் அழுத்தம் போனபோது எடுக்கப்பட்ட படங்களில், பலர் வாயை மட்டுமே மூடியிருந்தார்கள்.
3. பட்டையை இறுக்கிய பிறகே பக்கத்துக் குழந்தைக்கோ அம்மாவுக்கோ மாட்டுங்கள். பெற்ற மனம் கேட்காது. ஆனால் நீங்கள் மயங்கிவிட்டால் குழந்தைக்கு மாட்டிவிட ஆள் இல்லை.
4. பை உப்பவில்லை என்று கழற்றாதீர்கள். உப்பாவிட்டாலும் ஆக்ஸிஜன் வந்துகொண்டிருக்கும்.
5. இருக்கைப் பட்டையை இறுக்குங்கள். விமானம் வேகமாக 10,000 அடிக்கு இறங்கும். விழுகிறது என்று அலற வேண்டாம். முகமூடியில் வழக்கமாக 12 முதல் 15 நிமிடத்துக்கான ஆக்ஸிஜன் உண்டு. இறங்குவதற்கு அது போதும்.

இறங்கிய பிறகு கவனிக்க வேண்டியவை

காது அடைப்பு சில மணி நேரத்தில் விலகும். ஓரிரு நாள் நீண்டாலும் பயமில்லை. காதிலிருந்து ரத்தமோ நீரோ வந்தால், திடீரென்று கேட்கவில்லையென்றால், தலை சுற்றினால் அன்றே காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போங்கள். அதுவரை திரும்பும் விமானத்தில் ஏறாதீர்கள்.

இரண்டு கால்களும் லேசாக வீங்குவது சாதாரணம். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்துச் சூடாக இருந்தால் அன்றே மருத்துவமனை. நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், இருமலில் ரத்தம் என்றால் தமிழ்நாட்டில் 108, வெளிநாட்டில் அந்த நாட்டின் அவசர எண். இவை பயணம் முடிந்து சில வாரம் கழித்தும் வரலாம். மருத்துவர் கேட்காவிட்டாலும், எந்தத் தேதியில் எத்தனை மணி நேரம் பறந்தீர்கள் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள்.